‘காரணம்’ என்றொரு கட்டம்

சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? சங்கரநாராயணரைக் கும்பிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் பிரியாணிக் கடை எந்தப் பக்கம் என்று விசாரிக்கிற கோஷ்டியா நீங்கள்? (தப்பே இல்லை. நானும் அதே கோஷ்டிதான்!) அப்படியானால் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்னக் குழியைக் கவனிக்காமலே வந்திருப்பீர்கள். சக்கரம் பிரதிஷ்டை செய்யப்பட்ட குழி அது. மனம் பேதலித்தவர்கள், பேய் பிடித்ததாக நம்பப்படுபவர்கள் அங்கே உட்கார்ந்து அம்மனை வேண்டிக்கொண்டால் குணமாகும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது தாண்டியிருக்கும். ஒரு கணுக்காலில் கட்டு. உடம்பெல்லாம் வியர்வை. இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டே, வேட்டியிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தன. வேட்டியில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் மருமகள்.

‘‘ரெண்டு ராத்திரியா உறங்கல அண்ணாச்சி. செவுத்துல எறும்பு ஊருதுங்காவ. செத்துப்போன தம்பி வாசல்ல வந்து நிக்கானாம். வியாழக்கிழம வரைக்கும் மாமா நல்லாத்தான் இருந்தாவ...’’

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு வயதான அம்மாள் (ரிட்டயர்டு நர்ஸ் என்று பிறகு தெரிந்தது) முன்னால் வந்து குனிந்து, அந்த மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்ன கேள்வி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு இருநூறு வருஷம் போதும்.

கோயிலில் தங்கினால் மனநோய் குறையுமா என்று யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில், வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளை பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். வந்தபோது ஒருமுறை, கிளம்பும்போது ஒருமுறை. நோயின் அறிகுறிகள் சராசரியாக ஏறத்தாழ 20 சதவிகிதம் குறைந்திருந்தன. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை இது. மந்திரம், தந்திரம், சிறப்புச் சடங்கு ஒன்றும் இல்லை. அமைதியான இடம், கூடவே இருக்கும் குடும்பம், கோயிலில் சின்னச் சின்ன வேலை. அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருஷம்தான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்தார்கள். வழிபாட்டுத் தலத்தை நம்பி வந்தவர்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

ஆனால், நம் கேள்வி அதுவல்ல. அங்கே வந்து உட்காருகிற ஒருவர் ஏன் இப்படி ஆனார்? அதை யார் கேட்கிறார்கள், எங்கே எழுதிவைக்கிறார்கள்? கோயிலில் ரிஜிஸ்டர் கிடையாது. ஆஸ்பத்திரியில் உண்டு. அந்த ரிஜிஸ்டரின் கதை சுவாரஸ்யமானது.

சென்னையில் முதல் மனநோய்க் காப்பகம் 1794-ல் வந்தது. வேலன்டைன் கானலி என்கிற கம்பெனி சர்ஜன் புரசைவாக்கத்தில் நடத்தினார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்கமே பெரிதாகக் கட்டி அங்கே மாற்றியது. நம் ஊர்ப் பேச்சில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்தது அப்போதிலிருந்துதான். சங்கரன்கோவிலிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் ஒருவரை அவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள் என்றால் சும்மா அல்ல. போலீஸ், மாஜிஸ்திரேட், டாக்டர் சர்டிஃபிகேட் எல்லாம் வேண்டும். கூடவே ஒரு படிவம். பெயர், வயது, சாதி, தொழில், ஊர்... அப்புறம் ‘பைத்தியத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தை யார் நிரப்புவது? ஆளைப் பிடித்து வந்த போலீஸ்காரர்! தெருவில் திரிந்தவனுக்கு என்ன காரணம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால், கட்டம் இருக்கிறதே, நிரப்பியாக வேண்டுமே... ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை அப்படியே பெரிய ரிஜிஸ்டரில் ஏற்றுவார்கள். வருஷக் கடைசியில் ரிஜிஸ்டரைக் கூட்டிக் கழித்து, ‘இந்தியாவில் இத்தனை பேர் கஞ்சாவால் பைத்தியமானார்கள்’ என்று புள்ளிவிவரம் வரும். அதை லண்டனில் படித்துவிட்டு எம்.பி.க்கள் கொதிப்பார்கள்.

1893 மார்ச்சில் டபிள்யூ.எஸ்.கெய்ன் என்கிற எம்.பி. இதைப் பற்றி காமன்ஸ் சபையில் கேள்வி எழுப்ப, இந்திய அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. பெயர் ‘இந்திய ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன்’. கமிஷன் என்றால் உங்களுக்கு உடனே கொட்டாவி வரும், தெரியும். ஆனால், இது உண்மையிலேயே வேலை பார்த்த கமிஷன்! மாக்வொர்த் யங் என்பவர் தலைவர். மூன்று இந்தியர்கள் உள்பட ஏழு உறுப்பினர்கள். நாடு முழுக்கச் சுற்றி 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்று செய்தார்கள்... 1892-ம் வருஷம் மனநோய்க் காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்களின் காகிதங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். மொத்தம் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைகள் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு கேஸாக மறுபடி விசாரித்தார்கள். எங்கிருந்து வந்தான், யார் சொன்னது, குடும்பத்தில் வேறு யாருக்காவது நோய் உண்டா, நிஜமாகவே இழுத்தானா...

கடைசியில் தேறியது 98 கேஸ். அதிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன. மொத்தச் சேர்க்கையில் 7.3 சதவிகிதம். மிச்சம் 124 பேருடைய கட்டத்தில் எழுதியிருந்த ‘கஞ்சா’ வெறும் யூகம்! கமிஷன் 1894-ல் கொடுத்த அறிக்கை இன்றைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. எல்லோரும் அதைக் கஞ்சாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா என்றுதான் படிக்கிறார்கள். எனக்கென்னவோ அது வேறு விஷயம் சொல்வதாகப் படுகிறது. போதையைக் கண்டுபிடிப்பது என்றால் ஆளைப் பார்த்து முடிவு பண்ணுவது அல்ல, உட்கார்ந்து விசாரிப்பது என்று சொன்ன அறிக்கை அது.

அன்றைக்கு, விசாரிக்காமலே எல்லோருக்கும் எழுதினார்கள். இன்றைக்கு நிலைமை தலைகீழ். மனநலப் பிரிவுக்கு இருபத்தைந்து வயசுப் பையனைக் கூட்டிப் போங்கள். ‘என்னப்பா, தண்ணியா? கஞ்சாவா? மாத்திரையா?’ என்று முதல் கேள்வியே அதுதான். எழுபத்தைந்து வயசுத் தாத்தாவைக் கூட்டிப் போங்கள்... பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். கேட்கக் கூச்சம். நரைத்த தலை, திருநீறு, கூடவே கையைப் பிடித்துக்கொண்டு பேத்தி. அவரிடம் போய் எப்படி? கட்டம் காலியாகவே இருந்துவிடுகிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கு 1813-க்குப் போகலாம்.

இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் என்று ஒரு டாக்டர். திடீரென்று கை நடுங்கி, தூக்கம் போய், கண்டபடி உளறுகிற நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். அந்தக் கால வைத்தியப்படி அது ‘மூளைக் காய்ச்சல்’. ரத்தத்தை வடித்துவிடுவதுதான் சிகிச்சை. சட்டன் கவனித்தார்... ரத்தம் எடுத்தவர்கள் செத்துப்போகிறார்கள், அபின் கொடுத்துத் தூங்கவைத்தவர்கள் பிழைக்கிறார்கள். அப்படியானால் இது வேறு நோய்! ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்று பெயர் வைத்தார். நடுக்கத்தோடு வரும் பிதற்றல் என்று அர்த்தம். 1819-ல் பிரெஞ்சு மருத்துவர் ரேயே அதற்கும் குடிக்கும் உள்ள தொடர்பை உறுதியாகச் சொன்னார்.

இதில் பலருக்கும் புரியாத விஷயம் ஒன்று உண்டு. இது குடிப்பதால் வருவதல்ல, குடிப்பதை நிறுத்துவதால் வருவது. வருஷக்கணக்காக மதுவைப் பார்த்த மூளை, அது தன்னை அமுக்குவதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிவைத்துக்கொண்டிருக்கிறது. சட்டென்று மதுவை எடுத்துவிட்டால், பிரேக் கழன்ற லாரி. முதல் நாள் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. சிலருக்கு வலிப்பு. இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் பிதற்றல். இல்லாத பூச்சி தெரியும். செத்தவர்கள் வருவார்கள். தாக்குப்பிடித்தவர்களுக்குச் சில நாட்களில் தானாகவே தணியும். முதியவர்களில் சிலர் தாக்குப்பிடிப்பதில்லை. இதயம், நுரையீரல், உப்புச் சத்துக் குறைவு என்று ஏதாவது ஒன்று கொண்டுபோய்விடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள்... ஒரு வயசாளி கால் பிசகி விழுகிறார். கடைக்கு நடக்க முடியவில்லை. அல்லது, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மூன்றாவது ராத்திரி, டியூபைப் பிடுங்குகிறார், ‘என் வீட்டுக்குள்ள எவன்டா நீ?’ என்று மகனையே அடிக்கப் போகிறார். வீட்டில் என்ன சொல்வார்கள்? ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு.’ ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வாய்ப்பு அதிகம்? ‘வயசாயிருச்சுல்ல... மூளை சுருங்கியிருக்கும்.’ கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போய், அங்கே நாலைந்து நாளில் தணிந்தால், அம்மன் புண்ணியம். நான் அம்மனோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால், தணியாமல் போனவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

‘இந்தத் தலைமுறைப் பெருசுகள் அவ்வளவா குடிப்பார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். 1948-ல் பிறந்த ஒரு தாத்தாவைக் கற்பனை செய்துகொள்வோம். சங்கரன்கோவில் பக்கம், பனையும் தறியும் உள்ள ஒரு கிராமம். அவருடைய ஆயுசு முழுக்க அரசாங்கம் அவரோடு கண்ணாமூச்சி ஆடியிருக்கிறது.

1937-ல் சேலத்தில் ராஜாஜி ஆரம்பித்துவைத்த மதுவிலக்கு, சென்னை மாகாணம் முழுக்க வந்தது 1948-ல். நம் தாத்தா பிறந்ததே மதுவிலக்கில்! ஆனால், பனை மரத்துக்கு அரசாங்க உத்தரவு படிக்கத் தெரியாது. ஓடையோரம் திருட்டுக் கள் உண்டு. கள்ளச்சாராயம் உண்டு. டவுனில் மருந்துக் கடையில் ‘ஜிஞ்சர் பெரீஸ்’ உண்டு. தச்சுப் பட்டறையில் வார்னிஷ் உண்டு, அதைக் குடித்துக் கண் போனவர்களும் உண்டு. 1971 ஆகஸ்ட் 30-ல் கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளிவைத்தார். தாத்தாவுக்கு வயது 23. தெருமுனையில் கடை. இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி மூடல். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். தாத்தாவுக்கு 33. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, மொத்த விற்பனைக்கு மட்டும். 1987 பிறந்ததும் கள்ளும் சாராயமும் போச்சு. 1990-ல் மலிவு விலை மது வந்தது. 1991-ல் ஜெயலலிதா அதை நிறுத்தினார். 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. தாத்தாவுக்கு 55. கையில் கொஞ்சம் காசும் நேரமும் சேருகிற வயது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் நம் தாத்தாவின் தினசரி ‘கட்டிங்’கும் சேர்த்திதான்.

சட்டவிரோதமாகவே குடிக்கப் பழகிய தலைமுறைக்கு ஒரு குணம் உண்டு. வெளியே சொல்லாது! ஐம்பது வருஷம் மறைத்துப் பழகியவர், டாக்டர் கேட்டதும் ஒப்புக்கொண்டுவிடுவாரா?

2020 மார்ச் 24 அன்று ஊரடங்குக்காக டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. பல வீடுகளில் அந்த வாரம்தான் தாத்தாவின் ரகசியம் வெளியே வந்தது என்று நினைக்கிறேன். பெங்களூரு மருத்துவமனைகளில் அந்த நாட்களில் குடி நிறுத்தத்தால் வரும் கடுமையான பிதற்றலும் வலிப்பும் கூடியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேரள அரசு ஒரு படி மேலே போய், டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவே போட்டது. டாக்டர்கள் கொதித்தார்கள். உயர் நீதிமன்றம் சில நாட்களிலேயே அதற்குத் தடை விதித்தது.

மது ஒன்றுதான் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1963-ல் வேலியம் என்கிற மாத்திரை வந்தது. நாம் டயஸீபாம் என்று சொல்வது. போலந்து யூதரான லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளரின் கண்டுபிடிப்பு. உலகமே தலையில் வைத்துக் கொண்டாடியது. நம் ஊரிலும்தான். ‘தூக்க மாத்திரை’ என்றால் போதும், மருந்துக் கடையில் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். கணவர் போன துக்கத்தில் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரையை, பதினைந்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டிகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். பாட்டி அடிமையா? ‘சேச்சே, அவங்க காபிகூடக் குடிக்க மாட்டாங்க!’

இந்த மாத்திரையின் விஷமம் என்னவென்றால், இருபது வயசு உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் 20 மணி நேரம். எண்பது வயசில் சுமார் 90 மணி நேரம்! திங்கட்கிழமை போட்டதில் பாதி வியாழக்கிழமையும் உள்ளே இருக்கிறது. அதற்குள் செவ்வாய், புதன் மாத்திரைகளும் சேர்ந்துவிட்டன. பாட்டி தள்ளாடுகிறாள், மறக்கிறாள், பாத்ரூமில் விழுகிறாள். நிறுத்தினாலோ நடுக்கம், பிதற்றல், வலிப்பு... குடியை நிறுத்தியது போலவே. 2014 மார்ச்சிலிருந்து இவற்றை விற்கிற கடைக்காரர்கள் தனி ரிஜிஸ்டரில் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். பாருங்கள், மறுபடி ஒரு ரிஜிஸ்டர்! அது எவ்வளவு நேர்மையாக நிரப்பப்படுகிறது என்பதை உங்கள் அனுபவத்துக்கே விடுகிறேன்.

மதுவுக்கும் இதே கதிதான். வயதாக ஆக உடம்பில் நீர்ச்சத்து குறைகிறது, ஈரல் மெதுவாகிறது. நாற்பதில் குவார்ட்டர் செய்த வேலையை எழுபதில் கட்டிங் செய்துவிடும். ‘அளவைக் குறைச்சிட்டேனே’ என்று தாத்தா சொல்வது பொய்யல்ல. ஆனால், அதில் ஆறுதலும் இல்லை. ஜீரணத்துக்கு என்று வேளைக்கு வேளை குடிக்கிற சில அரிஷ்டங்களிலும் புளித்து ஊறிய ஆல்கஹால் இருக்கிறது. அது அம்மாக்களின் அலமாரியில் இருக்கிற புட்டி. அதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மருத்துவ உலகமும் ரொம்ப காலம் இதில் கோட்டை விட்டது. குடி நோய் என்று முடிவு செய்ய அவர்கள் வைத்திருந்த அடையாளங்கள் என்ன? வேலைக்குப் போகாமல் இருப்பது, பெண்டாட்டியோடு சண்டை, வண்டி ஓட்டி போலீஸில் மாட்டுவது... ரிட்டயர் ஆனவருக்கு எந்த வேலை? மனைவி போய்ச் சேர்ந்தவருக்கு யாரோடு சண்டை? எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று பதில் வரும். பாஸ்! 1984-ல் அமெரிக்க டாக்டர் ஜான் ஈவிங் வெளியிட்ட ‘கேஜ்’ என்கிற நாலு கேள்விப் பரிசோதனை ரொம்பப் பிரபலம். குறைக்க நினைத்தாயா, பிறர் சொன்னால் எரிச்சல் வருகிறதா, குற்ற உணர்ச்சி உண்டா, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா... நல்ல கேள்விகள்தான். 1992-ல் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முதியவர்களுக்கென்றே தனியாக 24 கேள்விகள் தயாரித்தார்கள். வேண்டியவர் யாராவது இறந்த பிறகு குடி கூடியதா, தனிமையாக இருக்கும்போது ஒரு வாய் போட்டால் தேவலாம் போலிருக்கிறதா என்கிற ரீதியில் போகிறது அது. கேள்விகளைப் படித்தாலே தெரிகிறது, யாரோ ஒருவர் வயசாளிகளோடு நிஜமாகவே உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

நம் ஊரில்? மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி, 2019-ல் வெளியான தேசிய போதைக் கணக்கெடுப்பு மிகப் பெரியது. இந்தியாவில் 14.6 சதவிகிதம் பேர் மது அருந்துகிறார்கள் என்று சொன்னது. யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? 10 வயது முதல் 75 வயது வரை. 1948-ல் பிறந்த நம் தாத்தா இன்றைக்கு அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்!

மனநல ஆஸ்பத்திரியிலேயே பல வருஷம் இருந்து அங்கேயே வயசாகிப்போனவர்கள் தனிக் கதை. அவர்கள் கையில் பாட்டில் வராது. ஆனால், மனநோய் மருந்துகளால் வரும் விறைப்பையும் நடுக்கத்தையும் போக்க ‘பேசிடேன்’ என்று ஒரு மாத்திரை தருவார்கள். அதில் லேசான கிறுகிறுப்பு உண்டு. சிலர் கூடுதலாகக் கேட்டு வாங்குவார்கள், நாக்குக்கு அடியில் ஒளித்துச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவார்கள். வயசான மூளைக்கு அது நேராகக் குழப்பத்தில் கொண்டுபோய் விடும். ‘நோய் முற்றிவிட்டது’ என்று மனநோய் மருந்தைக் கூட்டினால், அதற்காக இன்னும் கொஞ்சம் பேசிடேன்! பீடியும் லேசுப்பட்டதல்ல. பீடிப் புகை சில மனநோய் மருந்துகளை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றும். வெளியில் நாளுக்கு ஒரு கட்டு இழுத்தவர், வார்டில் இழுக்க முடியாமல் போனதும் அதே மாத்திரை அதிக வேலை செய்து, பகலெல்லாம் சொக்கிக் கிடப்பார். பீடி எத்தனை என்று சேர்க்கும்போதே கேட்டிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

குளுக்கோஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். நமக்கு ஆஸ்பத்திரி என்றாலே ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’தானே? பல வருஷம் குடித்து, சாப்பாட்டைக் குறைத்தவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க பி1 வேண்டும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சம் மீதி இருந்த பி1-ம் தீர்ந்து, மூளையில் சில இடங்கள் சேதமாகும். கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, குழப்பம் வரும். 1881-ல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது. அதோடு நின்றால் பரவாயில்லை. 1887-ல் ரஷ்யாவில் செர்கேய் கோர்சகோவ் எழுதிய அடுத்த கட்டம் வந்தால், புதிதாக எதுவுமே நினைவில் தங்காது. காலையில் யார் வந்தது என்று கேட்டால், வராத ஒருவர் வந்ததாக ஒரு முழுக் கதையே சொல்வார்கள், கூச்சமில்லாமல், நம்பிக்கையோடு. முதுமை மறதி என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். இதைத் தடுக்கக்கூடியது ஒரு பி1 ஊசி. விலை அதிகமில்லை. ஆனால், போடவேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற வேண்டுமானால், இவர் குடிப்பவர் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்ல வேண்டிய அந்த ‘யாராவது’ நீங்கள்தான். வீட்டுப் பெரியவரை எதற்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாலும், அலமாரியில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டை, டானிக், அரிஷ்டப் புட்டிகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். ராத்திரி ஒரு கட்டிங் உண்டு என்றால் டாக்டர் கேட்காவிட்டாலும் தனியாக அழைத்துச் சொல்லிவிடுங்கள். மானம் போகாது. முக்கியமாக, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கே பாட்டிலையும் மாத்திரையையும் பிடுங்கி ஒளித்துவைத்துவிடாதீர்கள். வயசானவர்களுக்கு அதைப் படிப்படியாக, மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு சிக்கல், நம் ஊரில் குடிக்கு ஒரு வாசல், மனநோய்க்கு ஒரு வாசல் என்று பழகிவிட்டது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கியபோது, குடிநோயாளிகளுக்கென்று ஒரு தனி இடம் அவசியமாகத்தான் இருந்தது. ஆனால், இரண்டும் சேர்ந்து இருக்கிற ஆள் எந்த வாசலில் நிற்பது? 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்கிற வரையறைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. சட்டப்படி இரண்டும் இப்போது ஒரே வாசல். வாசலில் நிற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, சங்கரன்கோவிலுக்குத் திரும்புவோம். அந்த நர்ஸம்மா முதலில் பெரியவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கும் நடுங்கியது. பிறகு மருமகளிடம், மற்றவர்கள் காதில் விழாதபடி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

‘‘ஒங்க மாமா கடைசியா எப்பம்மா குடிச்சாவ?’’

‘குடிப்பாரா?’ என்று அவர் கேட்கவில்லை, கவனியுங்கள்.

மருமகள் முகம் சிவந்துவிட்டது. ‘‘அவ்வளவா எல்லாம் கெடயாது பெரியம்ம... ராத்திரி உறங்கதுக்கு மட்டும் கொஞ்சம். அத்த செத்த பெறவுதான். அதும் வெள்ளிக்கிழம காலயில வழுக்கி விழுந்ததுலருந்து கடைக்கிப் போவ முடியலல்லா...’’

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். ‘‘வியாழன் ராத்திரி குடிச்சது... வெள்ளி, சனி, ஞாயிறு...’’

நர்ஸம்மா ஏற்கெனவே பெரியவரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். ‘‘ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிங்க. போனதும் இத, இப்படியே, நாள் கணக்கோட டாக்டர்ட்ட சொல்லணும். என்னம்மா?’’

போகும்போது மறக்காமல் அம்மன் குங்குமத்தையும் பெரியவர் நெற்றியில் வைத்துவிட்டார்.